குத்துவிளக்கும் உப்புப் பளிங்கும்

1933 ஜூலை 4, செவ்வாய்

விடிய முதலே தூறல். சளி. ரோஷெல் உப்புப் பளிங்கு இன்னொன்றும் ஈரம் குடித்துப் பிசுபிசுப்பு. கண்டி மழையில் எதுதான் உருப்படும்? நல்லது ஒன்றே மிச்சம், பெருவிரல் அளவு.

உப்பு வாங்கப் போன இடத்தில் வெளிக்குப் போகாமல் எத்தனை நாள் என்று மருந்துக் கடைக்காரர் விசாரித்தார், நாலு பேர் முன்னால். பேதிக்குக் குடிக்கும் உப்பாம். சீ.

செய்ய: தேயிலைப் பெட்டி ஈயத்தாளைப் பளிங்கின் இரு பக்கமும் ஒட்ட. கையால் சுற்றும் மின்பொறியைத் துடைக்க. சலவைத் துணி.

ஜூலை 6, வியாழன்

மழையில்லை, வெயிலுமில்லை. இந்த உப்புக்கு ஏற்ற பதம்.

மின் ஏற்றினால் பளிங்கு துளி சூடாக வேண்டும், எடுத்தால் துளி குளிர வேண்டும். வெளிநாட்டுச் சஞ்சிகையில் வாசித்தது. திரும்பத் திரும்பச் செய்தால் ஐஸ் இல்லாமலே ஒரு பெட்டியைக் குளிர வைக்கலாம் என்பது என் பேராசை. வெப்பம் மாறினால் சுவரில் நகர வேண்டிய ஒளிப்புள்ளி இன்று அசையவில்லை. அல்லது நான் இமைத்துவிட்டேன்.

எங்கள் தலைமை ஆசிரியர் இதைக் காட்டவென்று சனிக்கிழமை ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். சரிவந்தால் பாடசாலைப் பின்னறை என் ஆய்வுக்கு. இல்லையென்றால் பாண்ட் வாத்தியங்களுக்கு.

ஜூலை 8, சனி

பிரமுகர்கள், மாலை, வடை. சர்பத் கடை ஹாஜியாரும் வந்தார். ரயிலில் வரும் ஐஸ் பாதி கரைந்துபோகும் கவலை அவருக்கு.

த.ஆ. வீட்டுக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து பளிங்குக்குப் பக்கத்திலேயே வைத்தார். வேண்டாம் என்றேன்.

"விளக்கேத்தாமல் நல்ல காரியம் துவங்கிறதே, தம்பி?"

ஐந்து திரியும் ஏற்றினார். பொறியைச் சுற்றினேன். புள்ளி சூட்டுப் பக்கம் நகர்ந்தது. கைதட்டல். மின்னை எடுத்தேன். புள்ளி திரும்பவில்லை, இன்னும் அதே பக்கம் போனது. விளக்குச் சூடு! அதற்கும் கைதட்டல்.

ஹாஜியார் மட்டும் குனிந்து கேட்டார். "மாஸ்டர், இது சூடாத்தானே போகுது? நமக்குக் கூலாகணுமே."

அந்த அறையில் புள்ளியைப் பார்த்த ஒரே மனிதர்.

விளக்கின் சூடு என்று சத்தமாகவே சொன்னேன். என் தன்னடக்கத்தைப் பாராட்டினார் த.ஆ. வடை எண்ணெய் இன்னும் நாக்கில்.

ஜூலை 9, ஞாயிறு

தனியே. விளக்கில்லை. மின் ஏற்றினேன், எடுத்தேன். எடுத்ததும் புள்ளி குளிர்ப் பக்கம், ஒரு மயிரளவு. மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு முறையும்!

கதிரையில் இருந்து அழுதேன். கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை.

ஜூலை 10, திங்கள்

மழை. த.ஆ.விடம் போய்ச் சொன்னேன். விளக்கில்லாமல் குளிர்ந்தது, மெய்யாகவே குளிர்ந்தது என்று. எவ்வளவு என்றார். மயிரளவு.

வெள்ளிக்கிழமை பாடசாலையைப் பார்வையிட வித்தியாதிகாரி வருகிறாராம்.

"மயிரளவை ஆர் பாக்கிறது? அண்டைக்குச் சனிக்கிழமை நல்லா ஓடினதுதானே. விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட வைப்பம்."

பின்னறைப் பூட்டின் திறப்பை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். தூ.