மரத்தூளில் கலந்திருந்த சிவப்பு மணல்

அன்பு மகள் வெர்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஓக்லாந்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மழை இல்லை, கிணற்றுக் காற்றாடி மறுபடி நின்றுவிட்டது, ஆடுகளுக்கு வண்டியில்தான் தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தறியில் உட்காருகிறாள். எப்போதும் அவள்தான் உனக்கு எழுதுவாள், இதை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. தம்பி டெல்பர்ட் உன் வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறான், அவன் வந்து சேருவதற்குள் இது உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும்.

போன வாரம் கேலப் டவுனிலிருந்து நகை வியாபாரி கர்ட்டிஸ் வந்தார். பழைய காப்பு ஒன்று, நடுக்கல் ஆடுகிறது, இறுக்கித் தாருங்கள் என்றார். பார்த்ததும் என் வேலை மாதிரிதான் இருந்தது, அந்தச் சாயலில் நாலைந்து செய்திருக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெள்ளி விளிம்பை நெம்பி நீலக்கல்லைத் தூக்கினேன். கல்லுக்கு அடியில் நாம் மரத்தூள் அடைப்போம் இல்லையா, அது மட்கிப்போய், கூடவே சிவப்பு மணல் கலந்திருந்தது. வெயிலில் கிடந்த காப்புக்குள் அப்படி மணல் இறங்காது மகளே. உன் பெரியப்பா கையில் நானே போட்டு, அவரோடு மண்ணில் வைத்த காப்பு அது. இறந்தவர் பெயரைச் சொல்வது நம் வழக்கமில்லை, எழுத மாட்டேன். இது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டேன். "ஒரு வாலிபன் கொண்டாந்தான், கட்டைவிரல்ல பழைய தீக்காயம். பெரியவர் விட்டுட்டுப் போனதுன்னான். ஏன், உங்க வேலையை உங்களுக்கே அடையாளம் தெரியலையா" என்று சிரித்தார். உருகிய வெள்ளி சிந்தி டெல்பர்ட்டுக்கு விரல் வெந்தபோது அவனை நீதான் தூக்கிக்கொண்டு ஓடினாய், நினைவிருக்கும். பெரியப்பாவைப் புதைக்க அந்தச் சிவப்பு மணல் மேட்டுக்கு அன்று போனது நானும் அவனும்தான், வேறு யாருக்கும் இடம் தெரியாது. அம்மா தன் காப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்து, "இதை எடுத்துக்கிட்டு அதை இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவர் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் தீட்டுக் கழிக்கப் பாடும் சடங்குப் பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். கற்களெல்லாம் புரண்டு கிடந்தன. காப்பைத் திரும்ப வைத்து, சோளப் பூந்தாது தூவி மூடினோம். ஆனால் பெரியப்பாவோடு வைத்த பூசணிப்பூ மாலையை, வெள்ளியில் பூ அடித்துக் கோத்ததை, காணவில்லை. அன்றிலிருந்து என் வலது கை விரல்களில் உணர்ச்சி இல்லை, சுத்தியல் நழுவுகிறது, நாய் என்னைக் கண்டால் பின்னால் நகர்கிறது. பாட்டுக்காரர், "தொட்ட ரெண்டு பேரும் சடங்குல ஒண்ணா உக்காரணும். ஒருத்தனுக்கு மட்டும் பாடினா மத்தவன் தலையில போய் விடியும்" என்கிறார். அதனால் எனக்கு மட்டும் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று டெல்பர்ட் வழியில் எங்கிருந்தோ அம்மாவுக்குப் போன் செய்தான். "கண்ணை மூடினா யாரோ என் பேரைச் சொல்றாங்கம்மா. அக்காகிட்டப் போறேன், அவளுக்கு நல்ல மாலை ஒண்ணு கொண்டுபோறேன்" என்றானாம். அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது, அதிலிருந்து போனும் வேலை செய்யவில்லை.

வந்தால் அவனைத் திட்டாதே, ஏன் செய்தாய் என்று விசாரிக்கவும் வேண்டாம். குடிக்கிறானா, கூட்டாளி சரியில்லையா, எனக்குத் தெரியவில்லை, பயந்துபோயிருக்கிறான் என்பது மட்டும் தெரிகிறது. என் பிள்ளைதானே. சூடாக ஆட்டுக்கறி சமைத்துக் கொடு, பக்கத்திலேயே இரு. மாலையை நீ தொடாதே, மாப்பிள்ளையும் தொட வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவர விடாதே, அவன் கையாலேயே துணியில் சுற்றி வாசலுக்கு வெளியே வைக்கச் சொல். மறுநாளே மாப்பிள்ளை அவனையும் மாலையையும் வண்டியில் ஏற்றிக் கூட்டிவரட்டும். நீ இந்த மாதத்தில் பயணம் செய்ய வேண்டாம், வயிற்றில் பிள்ளை இருக்கிறது.

உன் முன்னும் பின்னும், மேலும் கீழும் எல்லாம் அழகாக அமையட்டும் மகளே. ஒன்று மட்டும் மறக்காதே. கதவைத் தட்டினால் உடனே திற, அவன் முகத்தை மட்டும் பார், அவனுக்குப் பின்னால் பார்க்காதே.

இடது கையால் எழுதியது, எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

உன் அப்பா,
ஹாஸ்கி