சீட் போஸ்ட்டில் குறை இல்லை

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பத்து மணிக்குத்தான் விட்டது. இரத்தினபுரி பஸ்ஸில் பார்சல். மலையில் மிதிக்கும் பைக்குக்கு ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட், சீட்டைத் தாங்கும் தண்டு, வெளிநாட்டுச் சாமான். பழையதைவிடக் கனம். திருகாணி கூட மினுமினுப்பு.

எங்கள் தேயிலைத் தோட்டத்து விருந்தாளி பங்களாவின் முதலாளி நிஹால் மாத்தயாவுக்கு ஒரே சந்தோஷம். என்னை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

“நங்கி, ஒரு கிழமை ஓட்டிப் பாரு. நல்லம்னா ஆறு பைக்குக்கும் போடுவோம். முதுகு வலிக்குதுன்னு வெள்ளக்காரங்க சொல்றாங்க தானே.”

“சரி மாத்தயா.”

என் முதுகு வலி அவருக்குத் தெரியாது. ஏப்ரலில் விழுந்ததிலிருந்து இடுப்பில் வலி, இடது கால் மரத்துப்போகிறது. தெரிந்தால் விருந்தாளிகளைப் பைக்கில் தோட்டம் சுற்றிக் கூட்டிப்போக வேறு ஆள் வைப்பார். எனக்கு மறுபடி கொழுந்து பறிக்கிற மலை. இந்த இடுப்போடு கூடையும் சுமக்க முடியாது.

இந்தச் சாமான் வேலை செய்ய வேண்டும். வேண்டும்.

ஜூலை 9, புதன்

வெயில். போஸ்ட்டைப் பைக்கில் பூட்டினேன். உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்குகிறது, அதற்காகச் சீட்டை ஒரு விரல் உயர்த்தினேன். தேயிலை பெக்டரியிலிருந்து தோட்டத்தின் கீழ் டிவிஷன் வரை கல் ரோடு.

மாத்தயாவுக்கு எழுத வேண்டியது:
- சின்னக் கல்: தெரியவே இல்லை.
- தண்ணீர் வெட்டிய பள்ளம்: குத்து இல்லை, அமுங்கி எழும்புகிறது.
- சத்தம்: இல்லை.

எழுதத் தேவையில்லாதது: நாற்பது நிமிஷம் வலி இல்லை! பைக்கைச் சாய்த்துவிட்டுத் தேயிலைக்குள் உட்கார்ந்து அழுதேன். மருந்தடிக்கப் போன ராசு அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்னம்மா ஜெயா, விழுந்திட்டியா?”

“இல்லண்ண. சும்மா.”

ஜூலை 10, வியாழன்

தூறல். காலிலிருந்து பிடுங்கிய அட்டை ஏழு. இன்று ஏற்றம். மிதிக்கும்போது சீட் துள்ளுகிறது. கடினமான ஸ்பிரிங் மாற்றினேன், துள்ளல் நின்றது. பதினோராவது வளைவில் கால் மரத்தது. ஸ்பிரிங் சரியில்லை என்று நினைத்தேன். திரும்ப மாற்றினேன். அப்போதும் மரத்தது.

பின்னேரம் வீட்டில் இவர், என் வீட்டுக்காரர், என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெக்டரி வேலை முடிந்து வந்த அலுப்பு. தேத்தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

“கண்ண மூடு. எந்த விரலப் பிடிச்சிருக்கேன், சொல்லு.”

“பெரு விரல்.”

கண்ணைத் திறந்தேன். இவர் கை இரண்டும் தன் மடியில்.

“நான் தொடவே இல்ல ஜெயா.”

சிரித்துச் சமாளித்தேன். இவர் சிரிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மழை, இடைவெளி, மழை. கோயிலுக்குப் போகவில்லை. நாள் முழுக்கச் சோதனை. பழைய போஸ்ட்: பதினைந்து நிமிஷத்தில் மரத்தது. புதியது: நாற்பது. சீட்டை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, ஏற்றி, இறக்கி. அதே நாற்பது.

கடைசியாக பங்களா முன்னாலிருக்கும் கொங்கிறீட் ரோட்டில் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். ஒரு கல் கிடையாது, பள்ளம் கிடையாது. அங்கேயும் மரத்தது.

சீட் போஸ்ட்டில் குறை இல்லை. என்னில்தான்.

நாளைக்கு இரண்டு விருந்தாளிகள். முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

வெயில் அடித்தது. ஒரு வயதான தம்பதி. மனுசிக்குப் புது போஸ்ட் பூட்டிய பைக், எனக்குப் பழையது. முன்னால் நான், நடுவில் அந்த அம்மா, கடைசியில் அவள் கணவர்.

மூன்றாம் வளைவுக்கு மேலே இறக்கம். பின்னாலிருந்து அந்த அம்மா கத்தினாள். எதற்கென்று தெரியவில்லை. குனிந்து பார்த்தால் என் இடது கால் பெடலில் இல்லை. தரையில் இழுபட்டு வருகிறது, சப்பாத்து பிய்ந்து, விரலில் இரத்தம். எவ்வளவு தூரம் அப்படி வந்தேனோ. அந்த நேரம் கொழுந்து லொறி எதிரே. பைக்கை வளைத்து மண் மேட்டில் போட்டேன். எனக்குப் பின்னால் அந்த அம்மா பிரேக் பிடித்து, சறுக்கி, லொறிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

லொறிக்காரர் இறங்கி வந்து திட்டினார். திட்டட்டும். அந்த அம்மா என் காலைத்தான் பார்த்தாள். தன் கைக்குட்டையால் கட்டினாள். நான் கொன்றிருப்பேன் இவளை.

மாத்தயாவுக்கு போன் எடுத்தேன். “வேன் அனுப்புங்க. என்னால கூட்டிட்டு வர ஏலாது.”

ஜூலை 13, ஞாயிறு

மாத்தயா எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி முதலில் சீட் போஸ்ட்டைத்தான் கேட்டார். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கேட்டார் போல.

“நல்ல சாமான். ஆறுக்கும் போடுங்க. ஏத்தத்துக்கு மட்டும் கடின ஸ்பிரிங்.”

“அப்ப நீ?”

“என் கால் எனக்கே தெரியுதில்ல மாத்தயா. மூணு மாசமா.”

“அனே நங்கி! ஏன் சொல்லல்ல?”

“சொன்னா பைக்க வாங்கிருவீங்க.”

மாத்தயா வாசலில் நின்ற என் பைக்கை உருட்டிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார். பிறகு திரும்பி வந்து இவரிடம், நாளைக் காலை வேன் வரும், இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். நான் கதவை மூடிக்கொண்டேன். லயமே கேட்கும்படி அழுதிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

ஜூலை 14, திங்கள்

இரத்தினபுரி. புழுக்கம். ஆஸ்பத்திரி நீள வாங்கில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து இதை எழுதுகிறேன்.

டொக்டர் யாழ்ப்பாணப் பக்கம். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன்.

“ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் வரேல்லை?”

இவர் குனிந்து என் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டார்.

முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ஸ்கேன் எடுத்ததும் ஆபரேஷன், இந்தக் கிழமைக்குள்ளேயே. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

“ஆபரேஷன் செஞ்சா பைக் ஓட்டலாங்களா?”

“முதல்ல நடவுங்கோ. பிறகு பாப்பம்.”

இவர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போயிருக்கிறார். ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. என் பெயரைச் சிங்களத்தில் கூப்பிடுகிறார்கள்.