இல்லாத வயிற்றுப் புண்

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அது வேறு. ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். சோறு குக்கரில். வண்டிச் சாவியைத் தேடி வீட்டைக் கலைக்க வேண்டாம், உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

மதியம் அத்தை வருகிறார்கள். எனக்கு வயிற்றுப் புண் என்று நீங்கள் அளந்துவிட்டதை நம்பி, பாவம், இன்றைக்கும் உப்பு உறைப்பு இல்லாமல்தான் சமைத்து எடுத்து வருவார்கள். சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு நாக்கு செத்துவிட்டது. மார்பில் புற்றுநோய் வந்தவள் எதற்காகப் பத்தியம் இருக்க வேண்டும்?

"அம்மா தாங்க மாட்டாங்க"ன்னு நேற்றும் அதே பல்லவி. அவர்கள் தாங்குவார்கள். அந்த வார்த்தையை வாயில் எடுக்க உங்களுக்குத்தான் பயம். நான் திரும்புவதற்குள் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நானே போட்டு உடைத்துவிடுவேன். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு" என்று டாக்டர் சொன்னதை முதலில் சொல்லுங்கள்.

பி.கு. மிளகாய்ப் பொடி டப்பாவை மேஜைமேல் வைத்திருக்கிறேன். அத்தை கேட்டால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். கட்டியை முதலில் கண்டது உங்கள் கைதான். முப்பதுகூட ஆகாதவளுக்கு இதெல்லாம் வராது என்று நான் தட்டிக்கழித்தேன். "வாயை மூடிட்டு வண்டில ஏறு"ன்னு கூட்டிப்போனது நீங்கள்தான். அந்தத் தைரியத்தையும் எங்கேயும் தேட வேண்டாம். சட்டைப் பையில் பாருங்கள்.