பல்லால் அறுந்த நூல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் வாண்டுவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறதென்று கோபித்துக்கொள்ளாதே, தையல் மெஷினில் நேராக ஓட்டுகிற கை பேனாவைப் பிடித்தால் இழுத்த இழுப்புக்கு வர மாட்டேன் என்கிறது. இத்தனை நாளும் கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து எழுத வைத்தேன், அதில் பாதி அவர்கள் பேச்சு. இது முழுக்க என் பேச்சு.

வாண்டுவின் கீழ்த்தாடை முன்னால் வந்துவிட்டதம்மா. ஆபரேஷன் வேண்டாம் என்று பல் டாக்டரம்மா நேற்றுச் சொல்லிவிட்டார், இனி நீ நிம்மதியாகத் தூங்கு. தாடை பின்னால் தங்கிவிட்டது, வளர்கிற வயதிலேயே கொண்டுவர வேண்டும், வளர்ந்து முடிந்தால் எலும்பை அறுத்துத்தான் வைக்க வேண்டும் என்று அவர் முதலில் சொன்னபோது போனில் நீ அழுதாயே. மேலே ஒன்று கீழே ஒன்று என்று பிளேட் கொடுத்தார், வாயை மூடினால் கீழ்த்தாடை தானாக முன்னால் வந்து நிற்கும். போட்ட வாரமே ஒரு கூத்து நடந்தது, உனக்குச் சொல்லவில்லை. இறுக்குகிறது, வலிக்கிறது என்று அழுதாள். இறுக்கினால் அளவெடுத்தவன் தப்பு என்பது என் தொழில் புத்தி. பிளேட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போய், வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி விட்டுத் தைக்க வேண்டாமா என்று டாக்டரையே கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஐயா, நீங்க உடம்புக்குச் சட்டை தைக்கிறீங்க. நான் சட்டையைத் தைச்சு வச்சிட்டு, உடம்பை அதுக்குள்ள வளரச் சொல்றேன்" என்றார். பிளேட்டைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அப்புறமும் வாண்டு மசியவில்லை. பிளேட் போட்டால் பேச்சு குழறுகிறது, பள்ளிக்கூடத்தில் கொழகொழா என்று கூப்பிடுகிறார்கள் என்று பையில் ஒளித்து வைத்தாள். சத்தமாகப் படித்தால் நாக்கு பழகும் என்றார் டாக்டர். தாத்தாவும் படித்தால்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். துணி வெட்டுகிற மேசையை ஒழித்து அவள் பாடப்புத்தகத்தை விரித்தோம். அவளுக்கு எழுத்து தெரியும், வாய் வரவில்லை, எனக்கு வாய்க்குக் குறைவில்லை, எழுத்துதான் தெரியாது. இரண்டு பேரும் கத்துகிற கத்தலில் சண்டை என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படி வந்த எழுத்துதான் இது.

இனி இரவில் மட்டும் பிளேட் போட்டால் போதுமாம். நேற்று அதைக் கழற்றிய வாயோடு கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், கத்தரி எட்டவில்லை. முன்பெல்லாம் நூலைக் கடி என்றால் கடைவாய்க்குக் கொண்டுபோய்ச் சவைத்து எச்சிலாக்கித் தருவாள், முன்பல் மேலும் கீழும் சேராதல்லவா. நேற்று குனிந்து முன்பல்லில் வைத்து ஒரே கடி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "தாத்தா, இன்னொரு பொத்தான் தைங்க" என்றாள். அந்தச் சட்டைக்காரருக்கு இப்போது வேண்டாத இடத்திலெல்லாம் பொத்தான் இருக்கிறது.

இரவில் பிளேட்டை விட்டுவிட்டால் தாடை பழைய இடத்துக்குப் போகப் பார்க்குமாம், போனில் நீயும் ஓர் அதட்டு போடு. நூல் கடித்த கதையை டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள். அடுத்த வாரமும் எழுதுவேன், எழுதாவிட்டால் வாண்டு விட மாட்டாள். இதோடு ஒரு துண்டு நூல் வைத்திருக்கிறேன். நுனியைப் பார், கத்தரி பட்டதல்ல.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய உன் அப்பா