வரிசையில் உன்னைப் பார்த்தேன்

கோபக்காரிக்கு,

நம் சேவைச் சங்கத்தில் வாராவாரம் ஆஸ்பத்திரி வாசலில் சாப்பாடு கொடுக்க நீதானே ஆரம்பித்து வைத்தாய், அது நிற்கவில்லை. நேற்று அந்த வரிசையில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாய். கரண்டியை டிரைவர் தம்பி கையில் திணித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"என்னக்கா, யாரைப் பார்த்து ஒளியறீங்க?"

"வெயில் தாங்கலப்பா."

நீ வாங்கிக்கொண்டு போன பிறகுதான் வெளியே வந்தேன். உன் வீட்டுக்கார அண்ணனுக்கு ஆபரேஷன் என்று நர்ஸ் சொன்னாள். அவளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். யார் தலைவி என்று நாம் போட்ட சண்டை கிடக்கட்டும். நாளைக் காலையில் வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ என்னோடு பேசவெல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போய்த் தூங்கு.

இப்படிக்கு,
உன் எதிர்க்கட்சி