குளத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு

ஜூலை 9, வியாழன்

காலையில் தூறல். பிறகு வெயில், மறுபடி தூறல். தைக்க வந்த துணி அப்படியே கிடக்கிறது. பஞ்சாயத்து மெம்பர் ஆனதிலிருந்து தையல் மெஷினுக்கு ஓய்வு, எனக்கு இல்லை.

ஓவர்சியர் அனுப்பிய படத்தில் நம் குளம் வெறும் முட்டை வடிவம். பச்சைப் பென்சிலை எடுத்துச் சுற்றிலும் பாதை அடித்தேன். நாலு பெஞ்சு. இரண்டு விளக்கு. கிழக்கே ஒரு செண்பகம். அடித்து முடித்தபோது அடுப்பில் கஞ்சி தீய்ந்துவிட்டது.

வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். டாக்டர் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது? ரோட்டில் டிப்பர் லாரி. வீட்டுக்குள் ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து ஹால். இவர் குளத்தை ஒரு முழுச் சுற்று வருவதை நான் பார்க்க வேண்டும். இதைக் கமிட்டியில் சொல்ல முடியாது. இங்கே சொல்லலாம்.

படத்தை வார்டு வாட்சப் குரூப்பில் போட்டேன். கைதட்டுக் குறிகளாக வந்து குவிந்தன. சந்தோஷம்.

ஜூலை 10, வெள்ளி

பெருமழை. ஓவர்சியர் போன்.

"சேச்சி, பாதையில ஒரு துண்டு ராஜமணி அண்ணனுக்க விளையாக்கும். சம்மதபத்திரம் வேணும். செவ்வாய்க்கெழம கமிட்டிக்குள்ள வரேல்லன்னா, ஃபண்டு வேற வார்டு ரோட்டுக்குப் போவும்."

ராஜமணி அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். குளத்தின் தெற்குக் கரைவரை அவருடைய மரச்சீனிக் கிழங்கு விளை. எனக்குத் தெரியாதா? தெரியும். பென்சில் ஓடிய ஓட்டத்தில் அவர் மண்ணும் பச்சையாகிவிட்டது.

மாலை, சந்தை முக்கில் அவரே. குடையைச் சாய்த்து முகத்தை மறைத்தார். பிறகு மனசு கேட்காமல் நின்றார்.

"கல்யாணத்துக்கே வீட்டுல வந்து விளிச்சாத்தான் போவேன், மெம்பரே. எனக்க மண்ண வாட்சப்புல விளிச்சா வருமா?"

புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குக்கூட வீடு வீடாக ஏறி அழைக்கிற ஊர். என் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வீட்டுக்கு நானே இரண்டு தடவை போனேன், முதல் தடவை ஆள் இல்லை என்று. அதே நான்தான். வெட்கம்.

ஜூலை 12, ஞாயிறு

சர்ச் விடும் நேரம் பார்த்துப் போனேன். கையில்: பச்சை அடிக்காத புதுப் படம், பென்சில், ஒரு சீப்பு ரசகதலிப் பழம்.

அவர் மனைவி செல்வபாய் அக்கா கட்டன்சாயா தந்தார். நான் பேசினேன். பெஞ்சு, விளக்கு என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், கடைசியில் என் வீட்டுக்காரரின் இடது காலில் வந்து நின்றது. அழுதேனா? கொஞ்சம்.

"சுகுமாரன் நடக்கதுக்கா? அத மொதல்லயே சொல்லாண்டாமா?" என்றார் அக்கா.

அண்ணன் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "பென்சில இஞ்ச தா."

மெதுவாக அடித்தார், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. முதல் படத்தில் நான் வெடுக்கென்று மடக்கியிருந்த மூலையில் அவருடைய பாதை விளைக்குள்ளே போய்ப் பெரிதாக வளைந்தது.

"இது எதுக்கு அண்ணே?"

"மூலையில ஒரு செவ்வெளனித் தென்ன நிக்கு. அத வெட்டப்பிடாது. பின்ன, காலு இழுக்கியவனுக்கு ஒடிச்சுத் திருப்ப முடியாது. வளவு அகலமா வேணும். பெரிய வண்டி திருப்புனவன் சொல்லுதேன்."

நான் கேட்டதைவிட இரண்டு மடங்கு மண். கையெழுத்தும் போட்டார். பென்சிலைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 13, திங்கள்

மேகம். மழை இல்லை. ஓவர்சியர் வந்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுப் போனார். நாளை கமிட்டி. பாஸாகுமோ என்னவோ.

காத்திருக்க முடியவில்லை. இவரைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். கோட்டோடு கோடாக நடை. தண்ணீருக்குள் மேகம், எங்கள் கூடவே. பெஞ்சு இல்லை, விளக்கு இல்லை, இன்னும் ஒன்றுமே இல்லை. ஆனால் செண்பகம் மணத்தது. சத்தியமாக.

தெற்குக் கரையில் மழை பிடித்துக்கொண்டது. கோடு பாலாகக் கரைந்து குளத்துக்குள் ஓடியது.

"போவலாமா?" என்றேன். இவர் நிற்கவில்லை. செவ்வெளனிப் பக்கம் வந்ததும், காலை இழுத்து இழுத்து, ராஜமணி அண்ணன் அடித்த அதே வளைவில் அகலமாகத் திரும்பினார்.

திரும்பி முடித்த பிறகுதான் பார்த்தேன். என் கை காலியாக இருந்தது.