மலைச்சரிவுக்கு முகவரி கேட்டார்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன், மூன்றாவது குடை.

வெளிநாட்டிலிருந்து வெப்பக் கெமரா வந்துவிட்டது! ஃபர்ஹானாவும் நானும் பெட்டியைத் திறந்தோம். என் ஆராய்ச்சி உதவியாளர், அக்குறணையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். "மாஷா அல்லாஹ், ஒண்ணும் உடையல்ல மிஸ், எல்லாம் நல்லா ஈக்கிது" என்று துள்ளினாள்.

மண்சரிவுக்கு முன் மண்ணுக்குள் தண்ணீர் ஊறும், மேல்மண் குளிரும். விடியலில் இந்தக் கெமராவால் பார்த்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசைவீட்டுக்கு, மேலே இருக்கும் சரிவுக்காகத்தான் இதைக் கேட்டதே. அந்த லயத்தில் அம்மா, தம்பி அந்தோனி.

பெட்டிக்குள் ஒரு தாள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு நிபந்தனைகள். பயன்படுத்தும் இடம்: பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை, கீழ்மாடி ஆய்வுகூடம். அனுமதியில்லாமல் அங்கிருந்து அசைக்கக்கூடாது. பொறுப்பாளர்: நான்.

விண்ணப்பத்தில் நான் எழுதிக் கொடுத்த இடம் அதுவல்ல. தோட்டம், கீழ்க்கணக்குப் பிரிவு, இரண்டாம் லயத்துக்கு மேல் சரிவு என்று தெளிவாக எழுதியிருந்தேன். துறைத் தலைவரான பேராசிரியர் வெட்டிவிட்டு மாற்றியிருக்கிறார். போய்க் கேட்டேன்.

"அது முகவரியா? வீட்டு இலக்கம் இல்லை, வீதி இல்லை. எந்தச் சாமான் வந்தாலும் நான் துறை முகவரிதான் போடுவேன்" என்றார் சிங்களத்தில், தேநீரைக் கலக்கிக்கொண்டே.

மண்சரிவு என்ன, ஆய்வுகூடத்துக்குள்ளேயா நடக்கும்? லயத்துக்கு முகவரி இல்லைதான். பிறந்ததிலிருந்து எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, யாருக்காவது மனசு வந்தால் கைக்கு வரும். அதை இவர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

வாங்க: குடை. அம்மாவுக்கு பிரஷர் குளிசை. பற்றரி.

நவம்பர் 5, புதன், போயா

பௌர்ணமி விடுமுறை. மழை. அறையில் உட்கார்ந்து விதிகளை முழுக்கப் படித்தேன். தலைவலி. விளங்கியவரை:

- பொருளுக்கு இரண்டு முகம். பொது வேலைக்கும் ஆகும், யுத்தத்துக்கும் ஆகும். அதனால் பட்டியலில் இருக்கிறது.
- யார், எங்கே, எதற்கு: மூன்றும் எழுதிக் கொடுத்தபடியே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் முதலில் கேட்க வேண்டும். கொண்டுபோன பிறகு சொல்வது சொன்னதாகாது.
- பொருள் மட்டுமில்லை, அதைப் பற்றிய அறிவும்தான். உள்விபரங்களை வேறு நாட்டு மாணவருக்கு, இதே அறையில், பக்கத்துக் கதிரையில் வைத்து விளக்கினாலும் ஏற்றுமதி செய்த கணக்கு!
- எடுத்த படம் அப்படியில்லை. படம் நம்முடையது, யாருக்கும் காட்டலாம்.
- மீறினால் எனக்கு மட்டும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரே கறுப்புப் பட்டியலில் ஏறலாம். மருத்துவ பீடத்துக்கு வரவேண்டிய கருவியும் நிற்கும்.

ஃபர்ஹானாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்போ நான் ஊட்டுல வாப்பாட்ட கெமராவப் பத்திக் கதைச்சா?" என்றாள். உன் வாப்பா ஆயுதம் செய்யாதவரை பரவாயில்லை என்றேன். சிரித்தோம்.

விதி மேல் எனக்குக் கோபமில்லை. இருட்டில் ஆளைக் காட்டும் சாமான் அது. இந்த நாட்டில் அது யார் கையில் போனால் என்னவாகும் என்று எங்களுக்கா தெரியாது? என் கோபமெல்லாம் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற மனுஷர் மேல்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

இடத்தை மாற்றலாமா என்று நான் எழுதிக் கேட்டதற்கு, கெமரா தந்த நிறுவனத்தின் அனுமதிப் பிரிவு அம்மையார் பதில் போட்டிருக்கிறார். அதே பயனாளர், அதே நாடு, இடம் மட்டும் மாறுவதென்றால் புது அனுமதி வேண்டாம், எழுத்தில் சம்மதம் போதுமாம். முகவரியும் இடத்துக்குப் பொறுப்பானவரின் கடிதமும் வேண்டும். வரைபடப் புள்ளியை அனுப்பினேன். வெறும் மலையில் ஒரு புள்ளியை ஏற்க முடியாதாம். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. அவருக்கு லயம் என்றால் என்னவென்று எங்கே தெரியும்?

பின்னேரம் பேராசிரியர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "இவ்வளவு அவசரமென்றால் கொண்டுபோங்கள். ஒரு நாள்தானே. நான் பார்க்கவில்லை."

பார்க்கவில்லையாம்! பெயர் என்னுடையது, மாட்டுவது நான். கெமராவே எங்கே இருந்தது என்று தனக்குள் பதிந்து வைக்கும். தோட்டத்தின் பெயரை எழுதக் கூச்சம், களவாகக் கொண்டுபோகச் சொல்ல மட்டும் கூச்சமில்லை. "முடியாது சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். 

நவம்பர் 9, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து ஊருக்கு. தலாத்துஓயா தாண்டியதும் பனி, பஸ்ஸில் யாரோ வாந்தி.

அந்தோனி சரிவில் ஏற்றிக் காட்டினான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெடிப்பு, என் கை போகிற அகலம். "போன மாசம் வெரல்தான் போச்சுக்கா. இப்ப பாருங்க." 

துரை பங்களாவுக்குப் போனேன். தோட்டத்து முகாமையாளர், என்னைவிட இளையவர். உட்காரச் சொன்னார், அதுவரை நல்லம். கடிதம் கேட்டேன்.

"மிஸ், நான் கடிதம் தந்தா அந்த எடம் ஆபத்துன்னு கொம்பனியே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் வீடு கட்டிக் குடுன்னு வந்து நிப்பாங்க."

"ஆபத்துதான் சேர்."

"அது ஒங்க கருத்து."

அம்மா சோறு போட்டுவிட்டு, "தொரகிட்ட எதுத்துப் பேசுனியா? ஏன்டி புள்ள உனக்கு இந்த வேல?" என்று என்னைத்தான் ஏசினாள். துறையில் பேராசிரியர், இங்கே துரை, வீட்டில் இவள். 

நவம்பர் 11, செவ்வாய்

மழை, விடவில்லை. ஆய்வுகூடத்துச் சுவரெல்லாம் பூஞ்சணம்.

புலம்பிக்கொண்டே இருந்தேன். ஃபர்ஹானா தேநீர் ஊற்றிக்கொண்டே, "சரிவுக்கு மேல ஏறித்தான் பாக்கணுமா மிஸ்? எதிர்ல நிண்டா தெரியாதா?" என்றாள்.

தெரியும்! ஓடைக்கு அந்தப் பக்கம் பாடசாலை. மைதானத்தில் நின்றால் சரிவு முழுக்க முகத்துக்கு நேரே. பாடசாலை அரசாங்கத்தினுடையது, கொம்பனியினுடையது இல்லை. முகவரி இருக்கிறது, தபால் இலக்கம் இருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை? லயத்தின் பெயரையே எழுத வைக்க வேண்டும் என்ற வீம்பு. கோபம் கண்ணை மறைத்தது, வேறென்ன.

பாடசாலை அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். "நாளைக்கே கடிதம் தாறன் பிள்ளை. என்ர பிள்ளையளும் அந்த லயத்திலயிருந்துதானே படிக்க வருகினம்." யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நல்ல மனுஷன் போதும்.

நவம்பர் 17, திங்கள்

சம்மதம் வந்துவிட்டது. பாடசாலை முகவரி, என் பெயர், ஃபர்ஹானா பெயர். ஆராய்ச்சி அலுவலகத்தில் முத்திரை. பேராசிரியர், "நல்லது, நமது முயற்சி" என்றார். நமதாம்!

நவம்பர் 19, புதன்

நேற்றிரவே வந்து அதிபர் வீட்டில் தங்கினோம். விடியலில் மைதானம். குளிர், ஃபர்ஹானாவுக்குத் தும்மல்.

திரையில் சரிவின் நடுவே பட்டையாகக் கறுப்பு. வெடிப்பிலிருந்து நேராக இரண்டாம் லயத்தின் கூரைவரை. ஃபர்ஹானா என் கையை இறுக்கிப் பிடித்தாள். 

கிராம சேவகரிடம் காட்டினோம். அவர் நேரில் வந்து பார்த்தார், இரவு படுக்கை எல்லோருக்கும் பாடசாலை மண்டபத்தில் என்றார். பின்னேரத்துக்குள் லயமே பாய், சட்டி, கோழியோடு இறங்கியது. அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

துரைக்கும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைப் பார்க்கவேயில்லை. "கொம்பனி எடத்தப் படம் எடுக்க யாரு அனுமதி தந்தது?"

சம்மதக் கடிதத்தை மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு, "இது ஸ்கூலுக்குத்தானே" என்றார். பிடரியில் ஒன்று போடலாம் போலிருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

கண்டியில். விரிவுரைகள். மழை.

மத்தியானம் அந்தோனி தொலைபேசி எடுத்தான். காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, துரை சொன்னாராம்: அது வெளிநாட்டு இராணுவக் கெமரா, கட்டுப்பாட்டில் உள்ள சாமான், அந்த மிஸ் சட்டத்தை மீறியிருக்கிறார், அந்தப் படம் செல்லாது. இன்று இரவு லயத்தில் இல்லாதவர்களின் காம்பிராவை, அவர்களுடைய லயத்து அறையை, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

பாவி! கட்டுப்பாடு என்ற ஒரு சொல்லை என் தாளிலிருந்தே பொறுக்கி எடுத்து என் சனத்தையே மிரட்டியிருக்கிறான். சட்டத்தை மீறக்கூடாது என்று நான் எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்!

கடிதத்தைப் படம் எடுத்து அந்தோனிக்கு அனுப்பினேன், வாசித்துக் காட்டச் சொன்னேன். கிராம சேவகருக்கும் எடுத்தேன், மாலைக்குள் வருகிறேன் என்றார். மறுபடி அந்தோனிக்கு எடுத்து, அம்மாவிடம் கொடு என்றேன், இரவு மண்டபத்திலேயே இருக்கச் சொன்னேன். "சரி சரி, நான் எங்கயும் போகல" என்றாள். நாளைக் காலை முதல் பஸ்.

நவம்பர் 23, ஞாயிறு

கண்டி பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு.

வெள்ளி இரவு சரிந்தது. இரண்டாம் லயத்தின் மேல்பக்கம் இல்லை. கிராம சேவகர் வந்து சொன்னதால் எல்லோரும் மண்டபத்தில் இருந்தார்கள், அம்மாவைத் தவிர. அந்தோனி தூங்கியதும் எழுந்து போய், காம்பிராவில் விளக்கைக் கொளுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார்க்கிறவர்களுக்கு ஆள் இருக்கிறது என்று தெரியட்டுமென்று.

வாசல் பக்கம் இருந்ததால் உயிர். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்குத்தான் கண் திறந்து பேசினாள். நான் திட்டினேன். சத்தம் போட்டேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படத்தைக் காட்டினேனே, கடிதத்தை அனுப்பினேனே, பெற்ற பிள்ளையை நம்பவில்லையா என்று கேட்டேன்.

"நம்பாம என்ன புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டாள். "மண்ணு ஒரு நாளைக்குத்தான் சரியும். தொர தெனமும் இருக்காரே."

தாதி வந்து, நேரம் முடிந்தது என்று வெளியே போகச் சொன்னாள்.